போர்டிகோவைக் குழந்தைக்குக் கொடுங்கள்

புதிதாகக் கட்டப்போகும் ஒரு தனி வீட்டின் பிளானை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் எந்த ஊராக இருந்தாலும் சரி. இரண்டரை சென்ட், மூன்று சென்ட், சென்னைப் பக்கமென்றால் அரை கிரவுண்ட். அதில் ஹால் இருக்கும், இரண்டு பெட்ரூம் இருக்கும், பூஜை அறைக்கு நாலுக்கு நாலாவது ஒதுக்கியிருப்பார்கள். வாஸ்துப்படி நகர்த்திய மாடிப்படி, சம்ப், செப்டிக் டேங்க், போர்வெல் எல்லாவற்றுக்கும் இடம் குறித்திருக்கும். முன்னால் ‘போர்டிகோ’ என்று எழுதி, மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு காரையும் அழகாக வரைந்து வைத்திருப்பார் இன்ஜினியர். பல வீடுகளில் அந்தக் கார் இன்னும் வாங்கப்பட்டே இருக்காது. ஆனால் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தை ஏற்கெனவே பிறந்து தவழ்ந்துகொண்டிருக்கும். அதற்கென்று வெளியே ஓர் அடி நிலம்கூட அந்தத் தாளில் இருக்காது.

“இடம் இல்லைங்க, இருந்தா வைக்க மாட்டோமா?” என்பார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஒரு காரை நிறுத்த நம் கட்டட விதிகள் கணக்கிடும் இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஏறக்குறைய 135 சதுர அடி. மூன்று வயதுக் குழந்தைக்கு 135 சதுர அடி என்பது ஒரு ஜில்லா. மணல் கொட்டலாம், தண்ணீர் ஊற்றலாம், ஒரு மரம் வைக்கலாம், அப்புறமும் சுற்றி ஓட இடம் மிஞ்சும். அந்த இடம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு மேலே கான்கிரீட் கூரை போட்டு, கீழே வழுக்காத டைல்ஸ் பதித்து, நாளின் பெரும்பகுதி அசையாமல் நிற்கும் ஒரு பொருளுக்குக் கொடுத்திருக்கிறோம். வெயிலில் நின்றால் பெயின்ட் மங்கிவிடுமாம்.

போர்டிகோ போக, வீட்டைச் சுற்றி விதிப்படி விட்ட மூன்றடி, நாலடி இடம் இருக்குமே, அது? அங்கே பேவர் பிளாக். இல்லையென்றால் சிமென்ட் தளம். மண்ணை மண்ணாக விட்டால் சேறாகும், புல் முளைக்கும், பூச்சி பொட்டு வரும், வீட்டுக்குள் கால் தடம் பதியும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நாம் என்ன செய்தோம்? விழுகிற மழையைத் தானாகவே குடித்துக்கொண்டிருந்த தரையை முழுசாக மூடினோம். பிறகு மூலையில் ஒரு குழி தோண்டி, மாடியிலிருந்து ஒரு பைப்பை அதற்குள் விட்டோம். குழந்தை விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. வாசலில் இருந்த மண்ணை மூடிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் மாலில் இருக்கும் ‘பிளே ஏரியா’வுக்கு மணிக் கணக்கில் காசு கட்டி அழைத்துப் போகிறோம்.

மாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்களின் வழக்கு வேறு. பிளானில் பச்சை நிறம் தீட்டிக் காட்டிய இடம் விசிட்டர் பார்க்கிங் ஆன கதையையெல்லாம் அங்கே இருப்பவர்கள்தான் எழுத வேண்டும். நான் பேசுவது, சொந்தமோ வாடகையோ, தரையோடு ஒட்டிய வீடு கிடைத்தவர்களைப் பற்றி. அதாவது கொஞ்சம் கொடுத்து வைத்தவர்களைப் பற்றி. அதனால்தான் கோபம்.

உங்களில் பாதிப் பேருக்காவது ஒரு மணல் குவியல் ஞாபகம் இருக்கும். உங்கள் வீடோ பக்கத்து வீடோ கட்டிக்கொண்டிருந்தபோது தெருவோரம் கொட்டிக் கிடந்த லாரி மணல். அதில் சிப்பி பொறுக்கியது, கையை விட்டுக் குகை தோண்டியது, உச்சியிலிருந்து சறுக்கியது, மேஸ்திரி வந்து விரட்டியது. அந்தக் குவியலை யாரும் குழந்தைகளுக்காகக் கொட்டவில்லை. ஆனால் அந்தத் தெருவில் அதைவிட நல்ல விளையாட்டிடம் எதுவும் இருந்ததில்லை. வீடு கட்டி முடிந்தது, பெயின்ட் அடித்தாயிற்று, கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் மீதி மணலை அள்ளிவிட்டுத் தளம் போட்டார்கள். அவ்வளவுதான்.

இதே விஷயத்தை டென்மார்க்கில் ஒருவர் கவனித்தார். சோரன்சன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர். தானே வடிவமைத்த அழகான விளையாட்டுத் திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பை கிடங்குகளிலும்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் கோபன்ஹேகன் இருந்த காலத்தில், எம்ட்ரப் என்ற பகுதியில் பலகை, செங்கல், மண், ஆணி, சுத்தியல் என்று போட்டு ஒரு திடலைத் திறந்தார்கள். உலகின் முதல் ‘குப்பைத் திடல்’ அது. போருக்குப் பிறகு அங்கே போய்ப் பார்த்த ஹர்ட்வுட் ஆலன் சீமாட்டி அந்த யோசனையைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் குண்டு விழுந்து தரைமட்டமான மனைகளில் இப்படிப்பட்ட திடல்கள் முளைத்தன. 1971இல் சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் இதற்கு ஒரு கோட்பாட்டையே எழுதினார்: ஓர் இடத்தில் நகர்த்தவும் உடைக்கவும் சேர்க்கவும் முடிகிற பொருட்கள் எவ்வளவு கூடுதலாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் படைப்பும் நடக்கும்.

இப்போது நம் ஊரில் ‘குழந்தைக்கு அவுட்டோர் பிளே ஏரியா’ என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். முதலில் செயற்கைப் புல் விரிப்பைச் சொல்வார்கள். அதன் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பிளாஸ்டிக் சறுக்கு. கொஞ்சம் வசதி இருந்தால் ரப்பர் தளம். நான் இதை வெறுக்கிறேன். அழகுக்காகச் சொல்லவில்லை. செயற்கைப் புல் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும் என்பதைப் பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். குளிர்நாடுகளில் கால்பந்து ஆடப் போட்டதை நாம் சித்திரை மாத மொட்டை மாடியில் விரித்து, வெறுங்காலோடு குழந்தையை இறக்கிவிடுகிறோம். அதற்கு ஈரம் தெரியாது, வேர் தெரியாது, ஒரு மண்புழு வராது. சறுக்கு பாவம், அது ஒரே ஒரு வேலைதான் செய்யும். ஏறு, சறுக்கு. ஏறு, சறுக்கு. நாலாவது நாள் குழந்தை அதைத் திருப்பிப் போட்டு வீடாக்கப் பார்க்கும். “ஏய், ஒழுங்கா விளையாடு, ஒடஞ்சிரும்” என்று நாம் கத்துவோம். உண்மையில் அப்போதுதான் அது விளையாட ஆரம்பித்திருக்கும். இரண்டு மாதத்தில் அந்தச் சறுக்கின் மேல் ஈரத் துண்டு காயும்.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் வந்து என் பக்கம் நின்றுகொள்ளும் என்று தெரியும். “கரெக்ட்டா சொன்னீங்க, எங்க காலத்துல...” என்று தொடங்குகிறவர்கள். ஐயா, மன்னிக்கணும், நீங்கள் என் ஆள் இல்லை. உங்கள் காலத்துத் தெருவில் எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தத் தெருவுக்குள் வரலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. உங்கள் அக்கா இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு, நீங்கள் ஆடியதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய மனுஷியானதும் அந்த நிற்பதும் நின்றுபோனது. முற்றம் வைத்த வீடு எத்தனை பேருக்கு இருந்தது? அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவருவதல்ல என் கோரிக்கை.

ஆனால் பழைய இலக்கியத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. பட்டினப்பாலையில் சோழ நாட்டு வீட்டு முற்றம். பெண்கள் தானியம் காயப்போட்டிருக்கிறார்கள். கொத்த வரும் கோழியை விரட்டக் காதில் கிடந்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை போய், சிறுவர்கள் உருட்டிவரும் முக்கால் தேரின் வழியை மறிக்கிறது. எல்லோரும் இதைச் சோழ நாட்டின் செல்வச் செழிப்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு இப்போது கண்ணில் படுவது வேறு: அந்த முற்றத்துக்கு ‘விளையாட்டிடம்’ என்று பெயரே இல்லை. பெரியவர்கள் வேலை செய்கிறார்கள், கோழி மேய்கிறது, அதன் நடுவே பிள்ளைகள் தேர் உருட்டுகிறார்கள். எல்லாம் ஒரே தரையில், ஒன்றுக்கொன்று குறுக்கே.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ஆண்பாலில் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணல் வீடு, சத்தம், ஓட்டம். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். அம்மானையை விட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் வெளி வேண்டும். குழந்தை வளர்வதை அளக்க நம் புலவர்கள் கையில் வைத்திருந்த அளவுகோல்கள் இவை. (சிற்றில் பருவத்தில் வீடு கட்டுவது பெண் பிள்ளைகள், வந்து உதைப்பது ஆண் தெய்வம், ‘சிதையாதே’ என்று கெஞ்ச வேண்டியதும் பெண் பிள்ளைகள். இதை ரசிப்பதற்கு ஒரு தனி மனநிலை வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை.) இன்றைக்கு ஒரு பிள்ளைத்தமிழ் எழுதினால் கடைசி மூன்று பருவத்துக்கு என்ன வைப்பீர்கள்? போன், டேப், டிவி?

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். திருச்சியில் கொள்ளிடத்துக்கு வடக்கே, நம்பர் ஒன் டோல்கேட் பக்கம். மூன்றே கால் சென்ட். நாலு வயதில் ஒரு மகள். நாங்கள் கட்டிய வீட்டிலும் மேலே சொன்ன அதே போர்டிகோ, அதே டைல்ஸ். காரை வெளியே எடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது என் கணவர் முதலில் ஜோக் என்று நினைத்தார். பிறகு ஆறு மாதம் பேச்சுவார்த்தை. இப்போது கார் நாலு வீடு தள்ளி ஒரு காலி மனையில், மாத வாடகைக்கு நிற்கிறது. தெருவில் நிறுத்தியிருக்கலாம், அது வேறு வீட்டுப் பிள்ளைகளின் இடத்தைப் பிடுங்குவது. சொந்தக்காரர்கள் வந்தால் இன்றைக்கும் இதுதான் சிரிப்பு: “கார் வாடகை வீட்ல இருக்கு, மண்ணு சொந்த வீட்ல இருக்கு.”

டைல்ஸையும் அடியில் இருந்த கான்கிரீட்டையும் உடைத்து எடுத்தோம். உடைக்க வந்த கொத்தனார் மூன்று முறை கேட்டார், “நல்லா யோசிச்சீங்களாம்மா?” என்று. மணல் குழி ஆறடிக்கு ஐந்தடி, ஆழம் ஒன்றரை அடி. அடியில் அரை அடிக்கு உடைத்த ஜல்லி, தண்ணீர் இறங்க. அதன் மேல் ஒரு பழைய கொசுவலை, மணல் ஜல்லிக்குள் போகாமல் இருக்க. மேலே ஓரடி மணல். மொத்தம் 30 கன அடி, ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. எம் சாண்ட் வேண்டாம். அது பாறையை உடைத்துச் செய்வது. முனை கூர்மை, அதில் இருக்கும் தூசி மூச்சுக்கு ஆகாது. கொள்ளிடக் கரையில் குடியிருந்துகொண்டு 30 கன அடி ஆற்று மணலுக்கு அலைந்ததை என்ன சொல்ல. அள்ளி அள்ளி எல்லாவற்றையும் சுவராக்கிவிட்டோம். கடைசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பூச்சு வேலைக்கு வாங்கி மிஞ்சியது கிடைத்தது.

மீதி இடம் சும்மா மண். அதில் ஒரு கொய்யாக் கன்று வைத்திருக்கிறோம். தாழ்வாகக் கவை பிரியும், கிளை வளையும், லேசில் ஒடியாது. குழந்தை ஏறுவதற்கென்றே செய்த மரம். முருங்கையை நம்பி யாரையும் ஏற்றிவிடாதீர்கள், சொல்லாமல் முறியும். கொய்யா வளரும்வரை போர்டிகோக் கூரையே நிழல். காருக்குப் போட்ட கூரை முதன்முறையாக ஒரு மனுஷிக்குப் பயன்படுகிறது. மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் பச்சை வலை கட்டினோம். விளையாட்டுச் சாமான் என்று கடையில் எதுவும் வாங்கவில்லை. கொட்டாங்குச்சி, ஓட்டை விழுந்த அலுமினியக் கரண்டி, உடைந்த சல்லடை, வேலை முடிந்து மிஞ்சிய பிவிசி பைப் துண்டு, நாலு செங்கல், ஒரு பலகை, கோணிச் சாக்கு. சீசனில் நுங்கு வண்டி. தண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவு நீர். தினமும் எத்தனை வாளி அது சாக்கடைக்குப் போகிறது என்று பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த இடத்துக்கு என் முதல் எதிரியாக வருவார் என்று நான் நினைத்தது என் மாமியாரை. அவர்தான் முதலில் குடியேறினார். வடாம் காயப் போடுவதும், புளி கொட்டை எடுப்பதும், முருங்கைக் கீரை உருவுவதும் இப்போது அங்கேதான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் வடாம் பிழிகிறாள். காக்கை விரட்டுவது அவள் பொறுப்பு. அத்தை எறிவது குழையை அல்ல, ரப்பர் செருப்பை. அது மகளின் அணைக்கட்டில் விழுந்து பெரிய சண்டை.

‘பிளே ஏரியா’ என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது இதைப் பார்த்துத்தான். குழந்தையைத் தனியாக ஒரு கட்டத்துக்குள் விட்டு, பெரியவர்கள் வெளியே நின்று போன் பார்க்கும் ஏற்பாடு அது. மாலில் இருக்கும் கூண்டும், செயற்கைப் புல் விரித்த மூலையும் அந்த வகையில் ஒன்றுதான். பெரியவர்களுக்கு வெளியே வேலை இருந்தால் குழந்தை வெளியே இருக்கும். நம் வேலையையெல்லாம் மாடுலர் கிச்சனுக்குள்ளும் லேப்டாப்புக்குள்ளும் ஏற்றிவிட்டு, குழந்தையை மட்டும் “போய் விளையாடு” என்றால் போகாது. அது நம்மோடு இருக்கப் பார்க்கும். கடைசியில் நம் கையில் இருக்கும் அந்தக் கண்ணாடியையே கேட்கும்.

பயம் என்று ஒன்று இருக்கிறது. அதை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படுவோம். வீட்டு வளாகத்தில் குழந்தையைக் கொல்லக்கூடியது எது? மூடியில்லாத அல்லது மூடி நகர்கிற சம்ப். துருப்பிடித்த செப்டிக் டேங்க் மூடி. தடத்தை விட்டுக் கழன்று விழும் ஸ்லைடிங் கேட். ரிவர்ஸ் எடுக்கும் கார். இவற்றில் ஒன்றுகூட மண் இல்லை என்பதைக் கவனியுங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள், கேட்டின் இரண்டு முனையிலும் தடுப்பு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலை.

அடுத்து, அழகுக்கென்று நாம் வைக்கும் செடிகள். மஞ்சள் அரளியின் கொட்டை விஷம் என்று ஊரெல்லாம் தெரியும், ஆனால் காம்பவுண்டு ஓரம் வரிசையாக வைப்பதும் அதைத்தான். செவ்வரளியும் விஷம்தான். ஆமணக்கு, ஊமத்தை, வேலியில் தானாகப் படரும் குன்றிமணி, எல்லாவற்றையும் வேரோடு எடுங்கள். பாம்பு வராமல் இருக்க மண்ணை மூடத் தேவையில்லை. எலி தங்கும்படி விறகும் ஓடும் அட்டைப்பெட்டியும் சுவரோரம் குவிக்காமல் இருந்தால் போதும். இருட்டிய பிறகு வெளியே விளையாட்டு இல்லை.

மணல் குழியை இரவில் மூட வேண்டும். பூனைக்கும் நாய்க்கும் அதைவிட நல்ல கழிப்பறை கிடையாது, அதிலிருந்து புழு முட்டை வரும். பழைய ஃபிளெக்ஸ் பேனர் போதும். எங்கள் குழியின் மேல் இரவு முழுவதும் ஒரு வட்டச் செயலாளர் கும்பிட்டபடி படுத்திருக்கிறார். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை தருகிறார்கள், வாங்கிக் கொடுங்கள். வாளித் தண்ணீரை அன்றன்றைக்குக் கவிழ்த்துவிட வேண்டும். டெங்கு கொசு முட்டையிட்டு வெளியே பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டயர் வைத்தால் கீழே ஓட்டை போடுங்கள். இவ்வளவுதான். மற்றபடி முட்டி உராய்ந்தால் உராயட்டும். செங்கல் காலில் விழுந்தால் செங்கல் கனம் என்று தெரியும்.

“சளி பிடிக்கும், மண்ணுல கிருமி” என்பவர்களுக்காக ஓர் ஆய்வு. பின்லாந்தில் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 75 குழந்தைகள். சில பகல் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல் தரையையும் கொண்டுவந்து பரப்பினார்கள். குழந்தைகள் அதில் தினமும் விளையாடினார்கள். 28 நாட்களில் அவர்கள் தோலில் இருந்த நுண்ணுயிர்களின் வகை பெருகியது, இரத்தத்தில் நோய் எதிர்ப்பைச் சீராக்கும் குறிகள் மாறின. 2020இல் வெளியானது. கண்ணுக்கு இன்னொன்று: சீனாவின் குவாங்ஜோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, அனுப்பப்படாதவர்களில் 39.5. ஆய்வு வேண்டுமென்பவர்களுக்கு ஆய்வும் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். ஆய்வே இல்லாவிட்டாலும் என் வாதம் மாறாது. குழந்தைக்கு வெளி வேண்டும், ஏனென்றால் குழந்தை அதைக் கேட்கிறது. காருக்கு நிழல் வேண்டுமென்று எந்த ஆய்வைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விதான் உண்மையான கேள்வி. ‘குழந்தைக்கு மண் வேண்டும்’ என்று பேசுகிற ஆண்களைக் கூட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். இயற்கை விவசாயம், மரபு விளையாட்டு என்று அருமையாகப் பேசுவார்கள். சேறான சட்டையை யார் துவைக்கிறார்கள், நாலரை மணிக்கு யார் வாசலில் உட்கார்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும். வெளியில் விளையாடும் குழந்தை என்பது ஓர் அம்மாவுக்குக் கூடுதலாக இரண்டு மணி நேர வேலையாக மட்டும் வந்தால், அந்த அம்மா போனைக் கொடுத்து உட்காரவைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் செவ்வாய், வியாழன், ஞாயிறு அவர் முறை. சேற்றுத் துணியை வாசல் குழாயிலேயே அலசிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும், யார் முறையாக இருந்தாலும். முதல் மாதம் அவருக்கு அந்த முறைகளில் தவறாமல் மீட்டிங் வந்தது. அப்புறம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மண் என்றால் நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்? சேறு பூசிய குழந்தையைப் பார்த்ததும் வருகிறவர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: “என்ன இது, கூலிக்காரப் பிள்ள மாதிரி.” கிருமி, சளி எல்லாம் அப்புறம் வருவது. நம் பேவர் பிளாக்கை வந்து பதித்துக் கொடுக்கிற பெண்ணின் குழந்தை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் சேலைத் தூளியில் தூங்கும், எழுந்ததும் அதே மணலில் விளையாடும். அங்கே சிமென்ட் தூசி இருக்கும், கம்பி இருக்கும், மூடாத தொட்டி இருக்கும். அதை யாரும் ‘மண்ணோடு வாழும் குழந்தைப் பருவம்’ என்று கட்டுரை எழுத முடியாது. அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பில்லாத மண், நம் குழந்தைக்கு மண்ணில்லாத பாதுகாப்பு. இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பது காம்பவுண்டு சுவர்.

ஆகவே கேட். மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை எங்கள் கேட் பூட்டுவதில்லை. யாரை அழைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மணலைப் பார்த்ததும் தானாக வந்தார்கள். எதிர் வீட்டு இரட்டையர்கள், பின் தெருவில் இஸ்திரி போடுபவரின் மகன், இரண்டு மனை தள்ளி வாட்ச்மேன் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர். என் மகளுக்கு இது சுலபமாக இல்லை. “என் மண்ணு” என்று குழியின் மேலேயே படுத்துக்கொண்டாள் முதல் வாரம். மூன்றாவது வாரம் வாட்ச்மேன் மகள் கட்டிய வாய்க்காலில் தண்ணீர் கடைசிவரை ஓடியது, இவளுடையதில் ஓடவில்லை. எப்படி என்று கேட்கப் போனாள். பைப்பின் ஒரு முனையைத் தூக்கி வைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. ஐந்தரை வயது.

ஒரு நாள் எங்கள் வரிசையில் உள்ள பாட்டி ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். பேரன் தினமும் அழுகிறானாம், அனுப்பலாம் என்று நினைக்கிறாராம். “யார் யார் பிள்ளைங்க வருது?” என்று கேட்டார். பெயர்களைச் சொன்னேன். “அது சரிம்மா, எந்தத் தெரு?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, பேரனுக்குத் தனியாக ஒரு வாளியும் குவளையும் கொடுத்தனுப்புவதாகவும், அவன் அதில் மட்டும் விளையாடட்டும் என்றும் சொன்னார். குரலில் எந்தக் கடுமையும் இல்லை, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

வாளி கொடுத்தனுப்பலாம், ஆனால் உள்ளே வந்தால் அது எல்லோருடைய வாளி என்றேன். சாமான் எதற்கும் இங்கே பெயர் எழுதுவதில்லை என்றும் சொன்னேன். பாட்டி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பேரன் இன்னும் வரவில்லை. மாடி பால்கனியிலிருந்து பார்க்கிறான். மழை முடிந்ததும் குழியை இன்னும் இரண்டடி அகலமாக்க வேண்டும், ஏழு பேருக்கு ஆறடி போதவில்லை. மணலுக்குத்தான் மறுபடியும் அலைய வேண்டும்.